தந்தை வாயில் ஒரு மாதம்: பங்காய் கார்டினல் மீனும் அதன் சின்னஞ்சிறு கடலும்

புதுச்சேரியில் நான் அவ்வப்போது போய் நிற்கும் கலர் மீன் கடையொன்றில் உப்புத்தண்ணீர்த் தொட்டிகள் மூன்றே மூன்றுதான் உண்டு. மற்றவை எல்லாம் கப்பியும் மோலியும் தங்கமீனும் நிறைந்த நன்னீர்த் தொட்டிகள். அந்த மூன்றில் ஒன்றில், விரல் நீளம்கூட வராத, வெள்ளி உடம்பில் கருப்புப் பட்டைகளும் வெண்புள்ளிகளும் கொண்ட, துடுப்பும் வாலும் ரிப்பனைக் கத்தரித்து ஒட்டியதுபோல் நீண்டிருந்த சில மீன்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று பதினைந்து நாளாகத் தீனியைத் தொடவே இல்லை என்றும், தாடை வேறு வீங்கியிருக்கிறது என்றும் கடைக்காரர் வருத்தப்பட்டார். குனிந்து பார்த்தபோது, வீக்கம் என்று அவர் காட்டிய இடத்தில் மெல்லிய தோலுக்குப் பின்னால் சிறு உருண்டைகள் மங்கலாகத் தெரிந்தன. அந்த மீன் தன் வாய்க்குள் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதுவும் ஆண் மீன்.

பங்காய் கார்டினல் என்று வணிகத்தில் அழைக்கப்படும் இம்மீனின் அறிவியல் பெயர் டெராபோகன் கவுடர்னி. உலகில் எத்தனையோ பவளத்திட்டுகள் இருக்க, இது இயற்கையாக வாழ்வது இந்தோனேசியாவின் பங்காய் தீவுக்கூட்டத்தில் மட்டுமே. இப்படி ஓரிடத்துக்கு மட்டுமே உரிய உயிர்களை ஓரிடவாழ் உயிர்கள் என்கிறோம். கடலில் அப்படியொன்று இருப்பதே முதலில் வியப்பைத் தர வேண்டும், ஏனென்றால் கடலுக்கு வேலி இல்லை. அந்த வேலி எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், விடை கடைக்காரர் வீக்கம் என்று நினைத்த அந்தத் தாடைக்குள்ளேயே இருக்கிறது.

பங்காய் தீவுகள் சுலவேசித் தீவின் கிழக்குக் கரத்துக்கு அப்பால், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே சிதறிக் கிடப்பவை. மீன் காணப்படும் கடற்பரப்பைச் சுற்றிக் கோடு போட்டால் சுமார் 5,500 சதுர கிலோமீட்டர் வரும். ஆனால் அந்தக் கோட்டுக்குள் அது உண்மையில் வாழத்தக்க இடம், அதாவது கரையோர ஆழமற்ற அமைதியான நீர்ப்பகுதி, ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர்தான் என்று கணித்திருக்கிறார்கள். நம் கணக்கில் சொன்னால், காரைக்காலையும் மாகேயையும் ஏனாமையும் விட்டுவிட்டுப் புதுச்சேரி வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அதன் பரப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலும் ஆளுயரத்தை ஒட்டிய ஆழத்தில், கடற்புல்லும் பவளமும் கலந்த இடங்களில் இது கூட்டமாக நிற்கும். ஆழத்தில் இறங்காது, திறந்த கடலுக்குப் போகாது.

ஸ்வீடனைச் சேர்ந்த வால்டர் கவுடர்ன் என்பவர் 1920இல் பங்காய் தீவில் இரண்டு மீன்களைப் பிடித்துச் சென்றார். அவற்றை வைத்து டச்சு மீனியலாளர் கூமன்ஸ் 1933இல் புதிய இனமாக விவரித்து, பிடித்தவரின் பெயரையே சூட்டினார். அதன்பிறகு அறுபது ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1990களின் நடுவில் ஜெரால்டு ஆலன், ரோஜர் ஸ்டீன் ஆகியோர் அதை மறுபடியும் கண்டு எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்களில் முந்திக்கொண்டவர்கள் அலங்கார மீன் வணிகர்கள்.

அடைகாக்கும் முறைக்கு வருவோம். வாயில் முட்டை வைத்துக் காக்கும் மீன் நம் பக்கத்துக்குப் புதிதன்று. ஏரியிலும் குட்டையிலும் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையில் தாய் அந்த வேலையைச் செய்கிறது. கடல் கெளுத்தியில் தந்தை செய்கிறது; கோலிக்குண்டு அளவிலான முட்டைகளை வாய் நிறைய வைத்துக்கொண்டு வலையில் சிக்கும் ஆண் கெளுத்தியைப் பார்க்காத மீனவர் கடலூர்க் கரையில் இருக்க மாட்டார். (கானாங்கெளுத்தியை இங்கே சேர்க்கக் கூடாது, அதற்குப் பெயரில் மட்டும்தான் கெளுத்தி. அது முட்டைகளைக் கடலில் கொட்டிவிட்டுப் போய்விடும் இனம்.) கார்டினல் மீன் குடும்பம் முழுவதிலுமே தந்தைதான் வாயில் அடைகாக்கிறது, அந்தக் குடும்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆகவே பங்காய் மீனின் தனித்தன்மை வாயில் அடைகாப்பதில் இல்லை. குஞ்சு பொரித்த பிறகும் வாயைத் திறக்காமல் இருப்பதில் இருக்கிறது.

மற்றக் கார்டினல் மீன்களில் முட்டை பொரிந்ததும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் லார்வாக்கள், அதாவது இன்னும் முழு மீன் வடிவம் பெறாத இளம் குஞ்சுகள், வெளியேறி, நீரோட்டத்தோடு மிதந்து, நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் அலைந்து, எங்கோ ஒரு திட்டில் போய் அமரும். பங்காய் மீனில் அந்த மிதக்கும் பருவமே கிடையாது. பெண் மீன் இடும் முட்டைகள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டவை. இவ்வளவு சிறிய மீனுக்கு அது மிகப் பெரிய முட்டை. எண்ணிக்கை அதற்கேற்பக் குறைவு, சில பத்துகளைத் தாண்டாது. ஒன்றோடொன்று ஒட்டிய அந்த முட்டைத் திரளை ஆண் மீன் நொடிப்பொழுதில் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 20 நாளில் முட்டைகள் பொரிகின்றன. பொரிந்த குஞ்சுகள், கொண்டுவந்த மஞ்சள் கருவைக் கரைத்து வளர்ந்தபடி, மேலும் 10 நாள் அளவுக்கு அப்பாவின் வாயிலேயே இருக்கின்றன. தந்தை அந்த ஒரு மாதமும் பட்டினி. கடைசியில் வெளியே வருவது லார்வா அன்று. 8 மில்லிமீட்டர் நீளத்தில், பட்டையும் துடுப்பும் உருவான, பெரிய மீனை அப்படியே சுருக்கிவைத்தாற்போன்ற குஞ்சு. அது தந்தையின் வாயிலிருந்து இறங்கிய இடத்திலேயே, சில முழத் தொலைவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக் கடலையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே நம் கரைக்கு எதிரே இயற்கைப் பவளத்திட்டு கிடையாது, மணலும் சேறும்தான். ஆனால் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முக்குளிப்பவர்கள் அமைத்த செயற்கைத் திட்டில் இன்று செப்பிலி, களவா என்று பல இனங்கள் குடியேறியிருக்கின்றன. அவற்றை யாரும் பிடித்துவந்து விடவில்லை. பெரும்பாலானவை எங்கோ பிறந்து, லார்வாவாக மிதந்து, நிழலும் பாறையும் கிடைத்த இடத்தில் தங்கியவை. கடல் மீன்களுக்குப் பொதுவாகத் தம் பிள்ளைகள் எந்தக் கரையில் வளர்கின்றன என்பதே தெரியாது. கடற்சாமந்தியை விட்டு அகலாத கோமாளி மீனின் குஞ்சுகளுங்கூடப் பத்து நாள் அளவுக்கு மிதந்து திரியும். அதனால்தான் அவ்வினம் அந்தமான் தொடங்கி எவ்வளவோ தூரம் பரவியிருக்கிறது. பங்காய் மீனுக்கோ பத்து நாள் பயணம் என்பதே வாழ்க்கையில் இல்லை. இரண்டு தீவுகளுக்கு நடுவே ஆழமான கால்வாய் ஒன்று, அதில் இழுப்பு வலுவான நீரோட்டம் ஒன்று இருந்தால் போதும், அதற்கு அது உலகத்தின் விளிம்பு.

அந்த விளிம்பு தீவுக்கூட்டத்துக்கு வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது. 2000க்குப் பிறகு நடந்த மரபணு ஆய்வுகளில், ஒரே தீவின் கரையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் இரண்டு கூட்டங்கள்கூடத் தெளிவாக வேறுபட்டிருப்பது தெரியவந்தது. கடலூர் முதுநகரிலிருந்து தேவனாம்பட்டினம் வரை நடந்துபோகும் தூரத்துக்குள் இரண்டு தனித்தனி மரபு வழிகள் என்றால், கடல் மீன்களைப் பொறுத்தவரை அது மிக அரிய செய்தி. ஆகவே பங்காய் மீன் என்பது ஒரு இனம் என்றாலும், பாதுகாப்பு நோக்கில் அதைப் பல சிறு ஊர்களின் தொகுப்பாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு விரிகுடாவில் உள்ளவை அழிந்துபோனால் பக்கத்து விரிகுடாவிலிருந்து யாரும் வந்து நிரப்ப மாட்டார்கள். இத்தனை குறுகிய இடத்தில் ஓர் இனம் முழுவதும் அடங்கியிருப்பதன் ஆபத்தை நம் கரைக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை: 2000 மே 4 அன்று, நம்மை ஆழிப்பேரலை தாக்குவதற்கு நான்கரை ஆண்டுகள் முன்பே, 7.6 அளவிலான நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் பங்காய் தீவுகளைத் தாக்கின.

வாயிலிருந்து இறங்கிய குஞ்சுக்கு முதல் எதிரி, அதன் சொந்தக் கூட்டத்துப் பெரிய மீன்களே. வயிறு காய்ந்த மூத்த மீன்கள் குஞ்சுகளை விழுங்கத் தயங்குவதில்லை. தப்பிக்க அது ஓடி ஒளியும் இடம் நீள்முள் கடல் முள்ளெலி. மன்னார் வளைகுடாவிலும் பாறையிடுக்குகளில் காணக் கிடைக்கும் அதே கருப்பு உருண்டைதான். ஊசிபோன்ற அதன் முட்கள் சாண் நீளத்தையும் தாண்டுவன. அவற்றின் நடுவே, முள்ளுக்கு இணையாக உடம்பை நிறுத்திக்கொண்டால், மீனின் கருப்புப் பட்டையும் முள்ளின் நிழலும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும். கடற்சாமந்தியிலும் கிளைப் பவளத்திலும்கூடக் குஞ்சுகள் தங்கும். பெரிய மீன்களும் ஆபத்து வந்தால் முள்ளெலியை நோக்கியே ஒதுங்கும்.

பிடிப்பவனுக்கு இதைவிட வசதியான மீன் வேறு இல்லை. பல பவள மீன்களைப் பிடிக்கச் சயனைடு நஞ்சைப் பீய்ச்சும் கொடிய வழக்கம் அந்தக் கடல்களில் உண்டு. இதற்கு அது தேவைப்படவில்லை. ஆழமில்லாத நீர், ஓடாத கூட்டம், எங்கே ஒளியும் என்று முன்கூட்டியே தெரிந்த மறைவிடம் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால், சிறு வலையோடு இருவர் போதும். 2000களின் தொடக்கத்தில் நடந்த கள ஆய்வுகளில், மாதம் 50,000 முதல் 60,000 மீன்கள் வணிகத்துக்குப் போனதாகக் கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ஆறு, ஏழு லட்சம். வேறு கணிப்புகள் ஒன்பது லட்சம் வரை சொல்லின. 2007இல் கடலில் இருந்த மொத்த மீன்களே ஏறத்தாழ 24 லட்சம் என்ற கணிப்போடு இதை வைத்துப் பார்த்தால்தான் அளவு புரியும். இத்தனைக்கும் பிடித்த மீனவர் கையில் வந்தது ஒரு மீனுக்குச் சில நூறு இந்தோனேசிய ரூபியா. அன்றைய மாற்று மதிப்பில் நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். கூண்டுகளில் காத்திருக்கும்போதும் படகுப் பயணத்திலும் கணிசமானவை செத்தும் போயின. பிறகு, இறக்குமதியான காட்டு மீன்களில் ஒருவகை இரிடோ வைரசும் கண்டறியப்பட்டதால், உயிரோடு போய்ச் சேர்ந்தவையும் தொட்டிகளில் வாரக்கணக்கில் மட்டுமே தாக்குப்பிடித்த கதைகள் பெருகின.

நஞ்சில்லாத பிடிப்பு என்பதால் தீங்கில்லாத பிடிப்பு என்ற எண்ணம் முதலில் இருந்தது. ஸ்வீடனின் நிக்லஸ் கோம், ஆண்டர்ஸ் பெர்க்லுண்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது: பிடிப்பு அதிகமான இடங்களில் மீன் அடர்த்தி கண்கூடாகக் குறைந்திருந்தது. பகாகான் என்ற இடத்தில் 2001இல் சுமார் 6,000 மீன்கள் எண்ணப்பட்டன. 2004இல் எண்ணியபோது இருந்தவை 17. முட்டை குறைவாகவும் பெரிதாகவும் இடும் மீன்களின் கணக்கு இப்படித்தான் தீரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கர்நாடகக் கரையில் 1980களில் சுருக்குமடி வலைகள் முட்டையோடு நின்ற ஆண் கெளுத்திகளைக் கூட்டங்கூட்டமாக வாரியதும், அடுத்து அங்கே கெளுத்தி வரத்தே சரிந்துபோனதும் மீன்வள அறிவியலில் நன்கு பதிவான நிகழ்வு. (சுருக்குமடி என்ற சொல்லை எடுத்தாலே கடலூரிலும் புதுச்சேரியிலும் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும் என்பதால் இதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.) ஆயிரக்கணக்கில் முட்டையைக் கொட்டும் மீன் ஒரு மோசமான ஆண்டைத் தாங்கும், ஒவ்வொரு குஞ்சையும் வாயில் சுமக்கும் மீனால் அது முடிவதில்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இல் இதை ஆபத்துக்குட்பட்ட இனமாகப் பட்டியலிட்டது. அதே ஆண்டு, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்க்க அமெரிக்கா முன்மொழிந்தது. இந்தோனேசியாவின் எதிர்ப்பால் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் மறுபடி முயன்றபோதும் அதே முடிவு. அதே 2016இல் அமெரிக்கா தன் உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்துக்கொண்டது. இந்தோனேசியாவின் நிலைப்பாட்டை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தீவுவாசிகளுக்குப் பிழைப்பு தரும் மீனைத் தொலைதூரத் தலைநகரங்களில் கூடிப் பூட்டு போடுவது அவர்களுக்கு உவப்பாக இருக்காது என்பது, மீன்பிடித் தடை அறிவிப்புகளை ஆண்டுதோறும் பார்க்கும் நமக்கு விளங்கக்கூடியதே. பின்னர் 2018இல் இந்தோனேசியாவே இதற்கு வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு அளித்து, பிப்ரவரி–மார்ச், அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிடிக்கத் தடை விதித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிவைக்கும் நம் கிழக்குக் கரை ஏற்பாட்டுக்கு நெருக்கமான யோசனைதான்; ஓர் இனத்துக்காக மட்டும் என்பதே வேறுபாடு.

பிடிப்பைவிடக் கவலை தரும் இன்னொன்று பின்னால் சேர்ந்துகொண்டது. முள்ளெலிகளையும் கடற்சாமந்திகளையும் உணவுக்கும் தீவனத்துக்கும் அத்தீவுகளில் அள்ளத் தொடங்கிவிட்டார்கள். மீனைப் பிடிக்காவிட்டாலும், அது ஒளியும் வீட்டை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக் குஞ்சு ஒரு பகல்கூடத் தாங்காது. வணிகத்தைக் கட்டுப்படுத்தும் எந்தப் பட்டியலும் இதைத் தொடுவதில்லை. மீனுக்கு விலை விழுந்துவிட்டால், முள்ளெலியை விட்டுவைக்க அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன காரணம் இருக்கும் என்ற கேள்வியும் உண்டு. அலங்கார மீன் வணிகத்தை ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

விலை விழுவதற்கான வழி ஏற்கெனவே திறந்துவிட்டது. கடலில் இதை நலிவாக்கும் அதே பழக்கம் தொட்டியில் இதற்குப் பலமாகிவிடுகிறது. கடல் அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் பெரிய தலைவலி லார்வாப் பருவம்தான். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையத்தில் கோமாளி மீன்களை வளர்த்தவர்களைக் கேட்டால் தெரியும்: லார்வாவின் வாய்க்குள் போகும் அளவுக்கு நுண்ணிய ரொட்டிபர் என்ற மிதவை உயிரை முதலில் வளர்க்க வேண்டும், அதற்கு முன் ரொட்டிபருக்குப் பாசி வளர்க்க வேண்டும். பங்காய் குஞ்சோ வெளியே வந்த அன்றே, இறால் குஞ்சகங்களில் தினமும் பொரிக்கும் ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரைப் பிடித்துத் தின்னும். நியூ ஜெர்சியில் அலெஹாந்த்ரோ வாகெல்லி 1990களின் இறுதியிலேயே இதன் தொட்டி இனப்பெருக்கத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இன்று தாய்லாந்துப் பண்ணைகளிலிருந்து பெருமளவில் வணிகத்துக்கு வருகிறது. பண்ணை மீனையும் காட்டு மீனையும் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம்.

மனிதர் கைபட்டு இது வேறு கடல்களிலும் இறங்கியிருக்கிறது. வணிகர்களின் கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் 2000 அளவில், பங்காயிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே உள்ள லெம்பே நீரிணையில் குடியேறி, சில ஆண்டுகளிலேயே அங்கே செழித்துவிட்டன; பாலித் தீவின் கிலிமானுக் விரிகுடாவிலும் உண்டு. இது அந்த இனத்தைப் பற்றி நாம் செய்துகொள்ளும் ஒரு தவறான கற்பனையைத் திருத்துகிறது. பங்காய் நீரில் ஏதோ தனி மகிமை இருப்பதால் அது அங்கே மட்டும் வாழவில்லை. வேறிடம் போக அதற்கு வாகனம் இல்லாததால் அங்கே மட்டும் வாழ்ந்தது. ஆனால் லெம்பேயில் பெருகியவற்றைக் காட்டி இனம் தப்பித்துவிட்டது என்று சொல்வதும் சரியாகாது. அங்கே இருப்பவை கைக்கு எட்டிய சில கூட்டங்களின் கலவை. பகாகானில் ஆறாயிரம் பதினேழானபோது போன மரபு வழி அதில் இருந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. போதாக்குறைக்கு, புதிய இடத்தில் முள்ளெலிக்கும் கடற்சாமந்திக்கும் உரிமை கொண்டாடிய உள்ளூர் மீன்களோடு இவை இடத்துக்குப் போட்டியும் போடுகின்றன.

கடைக்காரரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அந்த மீனை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றச் சொன்னேன். நோய்க்கு மருந்து ஊற்ற வேண்டாம் என்றும், தீனி வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டதற்கு, "பெட்டியில பேங்காக்னு போட்டிருந்துச்சு சார்" என்றார். முள்ளெலிக்கு எங்கே போவது என்று அவர் கேட்டபோது, பண்ணைகளில் கருப்புப் பிளாஸ்டிக் குச்சிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள் என்றேன். அடுத்த முறை போனபோது, வயர் கட்டும் கருப்புப் பட்டைகளை ஒரு ரப்பர் பந்தில் நாலா பக்கமும் குத்தித் தொட்டியடியில் போட்டிருந்தார். அந்தக் குச்சிகளுக்கு நடுவே, குச்சியோடு குச்சியாக, அரிசி நீளத்தில் பதினொரு குஞ்சுகள் நின்றுகொண்டிருந்தன. தகப்பன் மீன் பழைய தொட்டிக்குத் திரும்பி, தீனி போட்ட பக்கம் முதலில் வந்து நின்றது.